வீட்டுக்குள் ஒரு வானொலி நிலையம்

1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் திகதி கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாயிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளராகிய எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியே அதற்கு மூலகாரணமாக இருந்தது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி வாங்கிய ஒருவருக்கு, பெட்டியை மேசைமீது வைத்துவிடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. கூரைமீதோ மரத்திலோ வான்கம்பி கட்டவேண்டும்; நிலக்கம்பி புதைக்கவேண்டும். ஒலி தெளிவாக வராவிட்டால், கம்பி அறுந்ததா, இணைப்புத் தளர்ந்ததா, பெட்டி பழுதா, அல்லது நிலையத்திலேதான் தடங்கலா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அறியவேண்டும். அலை எங்கிருந்து வருகிறது, எதனாலே தடைப்படுகிறது என்ற அறிவு அந்தக் காலத்து நேயருக்குத் தம் அநுபவத்திலேயே கிடைத்தது.

இன்று பல வீடுகளில் வானொலி அலையை வாங்கும் கருவி மாத்திரமன்றி அதனைப் பரப்பும் கருவியும் குடிவந்துவிட்டது. 'ரூட்டர்' என்று அழைக்கப்படும் அச்சிறு பெட்டி, பேசவும் கேட்கவும் வல்ல ஒரு குட்டி வானொலி நிலையம். வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் இணையத் தொடர்பை அது அலைகளாக மாற்றி வீடெங்கும் பரப்புகிறது. கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் அனுப்பும் அலைகளை வாங்கி வெளியே செலுத்துகிறது. ஆயினும், அன்றைய நேயருக்கிருந்த அறிவு இன்று அருகிவிட்டது. தொடர்பு தடைப்பட்டதும் பெட்டியை அணைத்து ஏற்றுவது, அதனாலும் பயனில்லையெனில் நிறுவனத்தைக் குறை கூறுவது என்பதற்குமேல் பலரும் செல்வதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடொன்றை உதாரணமாக மனத்தில் அமைத்துக்கொள்ளலாம். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் சுண்ணாம்புக் கல்லாலான தடித்த சுவர்களையுடைய அறைகள். இணையக் கம்பி தெருப்பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே வந்த இடத்திலேயே, தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலுமாரியின் ஓரமாக ரூட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் பின்னறையில் முதிய தாயார் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கனடாவிலிருக்கும் மகன் அவரோடு பேசுவார். மகனுடைய முகம் திரையிலே தோன்றும். வாய் திறந்தபடியே சிலைபோல நின்றுவிடும். "கேட்குதோ, கேட்குதோ" என்று இருபுறத்திலும் வினவுவதிலேயே உரையாடலின் பாதி கழிந்துவிடும். அடுத்த அறையில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தியின் பாடங்களும் இடையிடையே அறுகின்றன. வீட்டார் ஆலோசித்து, மாதக் கட்டணத்தை உயர்த்தி அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறினர். கட்டணம் உயர்ந்தது, சிலைபோல நின்ற முகம் மாறவில்லை.

இதன் காரணத்தை அறிய, வைபை எனப்படும் இவ்வலையின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஒரு விநாடியில் எழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பர். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு மீடிறன் வரிசைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகா ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள். மற்றையது 5 கிகா ஹேர்ட்ஸ், அதாவது 500 கோடி அதிர்வுகள். முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ரிமீற்றர்; இரண்டாவதன் அலைநீளம் 6 சென்ரிமீற்றர், மூன்று விரற்கடை அளவு. மத்திய அலை வானொலியின் அலைநீளமோ நூற்றுக்கணக்கான மீற்றர். அந்நீண்ட அலை ஒரு வீட்டைப் பொருட்படுத்தாமல் வளைந்து கடந்துவிடும். மூன்று விரற்கடை அலைக்கு ஒரு தடித்த சுவரே பெருந்தடையாகிவிடுகிறது.

இந்த வரிசைகள் வீட்டு உபயோகத்துக்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. 2.4 கிகா ஹேர்ட்ஸ் வரிசை, நுண்ணலை அடுப்பு முதலிய கருவிகளின் இரைச்சல் மிகுந்தது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு இத்தகைய வரிசைகளை, தனி அநுமதிப்பத்திரம் இன்றியே செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்த வழிவிட்டது. 1997ஆம் ஆண்டில் இதற்கான முதலாவது பொது நியமம் வெளிவந்தது. அப்போது வேகம் விநாடிக்கு 2 மெகாபிற்று மாத்திரமே. அறைக்குள் அலைகள் சுவர்களில் மோதி எதிரொலித்து ஒன்றையொன்று குழப்புவது பெருஞ் சிக்கலாக இருந்தது. அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனமாகிய 'சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.'வில் ஜோன் ஓ'சலிவன் முதலியோர், வான்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்தபோது பெற்ற கணித அறிவை இச்சிக்கலைத் தீர்க்கப் பயன்படுத்தினர். அவர்களுடைய முறைக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. விண்மீன்களை நோக்கிய ஆராய்ச்சி வீட்டுக் கூடத்துக்கும் பயன்பட்டமைக்கு இது ஒரு சான்று.

இனி, பெட்டியை வைக்கும் இடம். ரூட்டரின் அலைவலு பொதுவாக ஓர் உவாற்றின் பத்திலொரு பங்களவே. தடையற்ற வெளியிற்கூட, தூரம் இருமடங்கானால் கிடைக்கும் வலு நான்கிலொன்றாகக் குறையும். மரக்கதவும் மெல்லிய பலகைத் தட்டியும் சிறிதளவே குறைக்கும். செங்கற் சுவர் அதனினும் அதிகமாகக் குறைக்கும். கருங்கல், சுண்ணாம்புக்கல், இரும்புக்கம்பி பதித்த கொங்கிறீற்று ஆகியவை பெரிதும் தடுக்கும். உலோகம் அலையைத் திருப்பி எறிந்துவிடும். ஆகவே இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றின் அருகே ரூட்டரை வைத்தல் தகாது. நீர் அலையை உறிஞ்சும். மீன்தொட்டியும் நீர்த்தாங்கியும் தடைகளே.

எனவே வீட்டின் நடுப்பகுதியில், ஒருவருடைய தலைக்கு மேலான உயரத்தில், திறந்த தட்டொன்றில் ரூட்டரை வைப்பது உத்தமம். நாற்சார் வீட்டில் முற்றத்தை நோக்கிய தாழ்வாரமே சிறந்த இடம். ஏனெனில் முற்றம் என்பது அலைக்குச் சுவரில்லாத பாதை. நிமிர்ந்து நிற்கும் வான்கம்பியிலிருந்து அலை பரவும் வடிவம் உளுந்து வடையைப் போன்றது. வடையின் நடுத்துளையிலே கம்பி நிற்கிறது என்று கொண்டால், பக்கங்களில் அலை நிறைந்தும், கம்பியின் நுனிக்கு நேர் மேலே மிகக் குறைந்தும் இருக்கும். ஒரு தளம் மாத்திரமுள்ள வீட்டில் வான்கம்பிகள் நிமிர்ந்து நிற்பது நன்று. மாடி வீட்டில் இரண்டு கம்பிகள் இருந்தால், ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு வரிசைகளில் எதனைத் தெரிந்தெடுப்பது என்ற கேள்வி அடுத்து எழும். 5 கிகா ஹேர்ட்ஸ் வேகம் மிகுந்தது. ஆனால் சுவர்களுக்கு எளிதில் தோற்றுவிடும். 2.4 கிகா ஹேர்ட்ஸ் வேகத்திற் குறைந்தது. தூரம் செல்ல வல்லது. ரூட்டர் உள்ள அறையில் முன்னதையும், தூரத்து அறையில் பின்னதையும் பயன்படுத்துவது பொதுவிதி. எனினும் 2.4 கிகா ஹேர்ட்ஸ் வரிசையில் அயல் வீடுகளின் நெரிசல் உண்டு. அவ்வரிசை பல நாடுகளில் 13 தடங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பினும், அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒன்றோடொன்று மோதாதனவாக வழக்கில் கொள்ளப்படுபவை 1, 6, 11 என்னும் மூன்றுமே. தொடர்மாடி வீடுகளில் எல்லோரும் ஒரே தடத்தைப் பிடித்திருந்தால், அமைப்புப் பக்கத்திற் சென்று வேறொன்றுக்கு மாற்றுதல் பயன் தரும். நுண்ணலை அடுப்பு இயங்கும் வேளையில் மாத்திரம் தொடர்பு தளருமாயின், அடுப்பும் 2.45 கிகா ஹேர்ட்ஸ் அளவில் இயங்குவதே காரணம்.

இந்த அலைவெளி ஒரு கூட்ட மண்டபத்தைப் போன்றது. ஒரு தடத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு கருவியும் பேசுமுன் செவிகொடுத்துப் பார்க்கிறது. தூரத்திலிருந்து மெதுவாகப் பேசும் பழைய கருவியொன்று மண்டபத்தின் நேரத்தை அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஆகையால் அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் தொலைக்காட்சி, மேசைக்கணினி ஆகியவற்றைக் கம்பியாலேயே இணைத்துவிட்டால், அலைவெளி கைத்தொலைபேசிகளுக்கு விடப்படும். இதனால் பயனடைவோர் வீட்டார் அனைவருமே.

பெட்டியை முதன்முதலாக அமைக்கும்போது பாதுகாப்பைக் கவனித்தல் அவசியம். ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வலையமைப்பிற் சேர்வதற்கு. மற்றையது பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கு. பலர் முன்னதை மாற்றிப் பின்னதை மறந்துவிடுகின்றனர். தொழிற்சாலையில் இடப்பட்ட சொல்லையே விட்டுவைப்பது, வாசற்கதவைப் பூட்டிச் சாவியைப் படியில் வைப்பதற்கு ஒப்பாகும். மறைகுறி முறைகளுள் 'டபிள்யூ.ஈ.பி.' என்பது 2001இலேயே உடைக்கப்பட்டது, அதனைப் பயன்படுத்தலாகாது. 2004இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 2', 2018இல் வந்த 'டபிள்யூ.பி.ஏ. 3' ஆகியவற்றுள் கருவிகள் ஏற்கும் புதியதைத் தெரிந்தெடுக்கவேண்டும். கடவுச்சொல் தொடர்பற்ற நான்கைந்து சொற்களின் கோவையாக இருப்பின் நினைவிற்கும் எளிது, ஊகித்தற்கும் அரிது. வீட்டாரின் பெயர், பிறந்த ஆண்டு, தொலைபேசி எண் ஆகியன ஆகா. விருந்தினருக்கென வேறொரு வலையமைப்பைத் திறக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. அதனைப் பயன்படுத்தினால் வீட்டுக் கணினிகள் தனித்திருக்கும்.

இனிக் குறை காணும் முறை. இதில் முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது. மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டால், எதனாலே குறை தீர்ந்தது என்பது தெரியாது. மறுமுறை வரும்போது மீண்டும் இருளிலே தடவ நேரும். இரண்டாவது விதி, பாதையைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது. வெளியிலிருந்து வரும் இணைப்பு, ரூட்டர், இடையிலுள்ள அலை, கையிலுள்ள கருவி என்று பாதைக்கு நான்கு பகுதிகள் உண்டு.

முதலில், வீட்டில் ஒரு கருவிக்கு மாத்திரம் குறையா, எல்லாவற்றுக்குமா என்று பார்க்கவேண்டும். ஒன்றுக்கு மாத்திரமாயின் குறை அக்கருவியிலே என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதிற் சேமித்துள்ள வலையமைப்பை நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுச் சேர்த்தால் பல வேளைகளில் சரியாகிவிடும். வீட்டு ரூட்டர் தன்னிடம் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்க முகவரி வழங்குகிறது. அது வழக்கமாக 192.168 எனத் தொடங்கும். கணினியில் 169.254 எனத் தொடங்கும் முகவரி காணப்படின், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள்.

எல்லாக் கருவிகளுக்கும் குறையெனில், திரையிலுள்ள விசிறி போன்ற அடையாளத்தை நோக்கவேண்டும். விசிறி நிறைந்திருந்தும் எதுவும் திறக்கவில்லையாயின் அலையிற் குறையில்லை. வெளியிணைப்பிலோ ரூட்டரிலோ குறை உண்டு. கண்ணாடியிழை இணைப்புள்ள வீடுகளில் 'எல்.ஓ.எஸ்.' என்ற எழுத்துகளின் கீழுள்ள விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. இழை வளைந்தோ அறுந்தோ இருக்கலாம். வீட்டார் செய்யத்தக்கது நிறுவனத்துக்கு அறிவிப்பதே. விளக்குகள் ஒழுங்காக இருந்தால், ரூட்டரை மின்னிலிருந்து நீக்கி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் ஏற்றி, மூன்று நிமிடங்கள் காத்திருக்கவேண்டும். பின்புறத்துச் சிறு துளைக்குள் ஊசியால் அழுத்தும் பொத்தான் வேறு. அது அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும். அவசரத்தில் அதனை அழுத்தி, பின்னர் திண்டாடுவோர் உளர்.

விசிறி குறைந்திருந்தால் குறை அலையில். இதனை ஐயமின்றி அறிய ஒரு சோதனை உண்டு. கணினி ஒன்றைக் கம்பியால் ரூட்டரோடு நேரே இணைத்து வேகத்தை அளக்கவேண்டும். பின்பு ரூட்டருக்கு அருகில் நின்று வைபையில் அளக்கவேண்டும். இறுதியாகத் தொல்லை தரும் அறையில் அளக்கவேண்டும். கம்பியிலேயே வேகம் குறைவெனில் நிறுவனத்தின் இணைப்பைச் சோதிக்கவேண்டும். மாதாந்த அளவு முடிந்து வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் பார்க்கவேண்டும். கம்பியில் நிறைவும் தூரத்து அறையில் குறைவுமெனில் குறை சுவர்களிலும் தூரத்திலுமே உள்ளது. அளக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. விளம்பரங்களில் வரும் வேகம் மெகாபிற்றுக் கணக்கு. கோப்புகளின் அளவு மெகாபைற்றுக் கணக்கு. எட்டுப் பிற்றுகள் ஒரு பைற்று ஆதலால், 100 மெகாபிற்று இணைப்பில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைற்றுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

முற்கூறிய நாற்சார் வீட்டில் பேத்தி இச்சோதனையைச் செய்து, மூன்று அளவுகளையும் அப்பியாசக் கொப்பியில் எழுதினாள் என்று கொள்ளலாம். கம்பியில், பணம் செலுத்திய வேகம் முழுவதும் கிடைத்தது. முன்கூடத்தில் வைபையிலும் சிறிதே குறைந்தது. பாட்டியின் அறையில் பத்திலொரு பங்குகூட மிஞ்சவில்லை. உயர்த்திய கட்டணம் முன்கூடத்துச் சுவரோடு நின்றுவிட்டது என்பது அவ்வெண்களால் விளங்கிற்று.

தீர்வுகள் மூன்று. ரூட்டரையே நடுவிடத்துக்கு மாற்றுதல் முதலாவது, செலவற்றது. இரண்டாவது, அலையை இடையில் வாங்கித் திரும்பப் பரப்பும் சிறு கருவியை வைத்தல். இதிற் கவனம் தேவை. ஒரே தடத்தில் கேட்டு, அதே தடத்தில் மீண்டும் சொல்லவேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மேலும், அலை இறந்துபோன அறையிலே அதனை வைப்பதால் பயனில்லை. நல்ல அலை எட்டும் இடத்திற்கும் எட்டாத இடத்திற்கும் நடுவிலே வைக்கவேண்டும். மூன்றாவது, ரூட்டரிலிருந்து கம்பி இழுத்து, தூரத்தில் இரண்டாவது ஒலிபரப்பியாக ஒரு பெட்டியைப் பொருத்துதல். 'அக்சஸ் பொயின்ற்' என்று கடைக்காரர் சொல்வது இதனையே. இதற்கான கம்பி 100 மீற்றர் வரை செல்லத்தக்கது. வேகம் குறையாத வழி இதுவே.

அந்த வீட்டில் வெளிக்கம்பி வந்த பெட்டியை அசைக்க இயலவில்லை. ஆகவே தாழ்வாரத்து வளையின் மேலாக 20 மீற்றர் கம்பி இழுத்து, முற்றத்தை நோக்கிய தூணின் உச்சியில், மழைச்சாரல் படாதபடி இரண்டாவது பெட்டியைப் பொருத்தினர். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இட்டு, தடங்களை மாத்திரம் வேறாக்கினர். பழைய குறைந்த கட்டணத் திட்டத்துக்கே திரும்பினர். அது போதுமாயிருந்தது.

இந்நாட்டின் இயல்புக்கேற்ற இரு எச்சரிக்கைகளும் உண்டு. மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் இடி மின்னல் அதிகம். வானம் முழங்கத் தொடங்குமுன்னரே ரூட்டரின் மின்செருகியைக் கழற்றிவிடவேண்டும். செம்புத் தொலைபேசிக் கம்பி உள்ளதாயின் அதனையும் கழற்றவேண்டும். ஆளியை அணைப்பது மாத்திரம் போதாது. மின்னலுக்கு ஆளியின் சிறு இடைவெளி ஒரு பொருட்டன்று. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாதெனினும் பெட்டிக்கு மின்னூட்டும் கம்பி கடத்தும். மற்றையது மின்வெட்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதைப் பலர் மறந்திரார். பல ரூட்டர்கள் 12 வோற்றில் இயங்குவன. அவற்றுக்கான சிறு மின்கலப் பெட்டிகள் கடைகளில் உண்டு. வாங்குமுன் ரூட்டரின் அடியில் எழுதியுள்ள வோற்று அளவையும் அம்பியர் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இலங்கையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வகுப்பறை என்பது ஒரு சிறு திரையாக மாறியது. அலை எட்டாத ஊர்களில் குன்றுகளில் ஏறி நின்று பாடம் கேட்ட பிள்ளைகளும் இருந்தனர். வீட்டு வாசல்வரை வந்த தொடர்பு ஒரு சுவரினாலும் இரும்பு அலுமாரியினாலும் வீணாவது, அப்பிள்ளைகளை நினைத்தால் வருந்தத்தக்கதே. இத்தடையை நீக்கப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. ஒரு கைத்தொலைபேசியோடு அறை அறையாக நடந்து, எங்கே அலை தளர்கிறது என்று ஒரு தாளிற் குறித்துக்கொள்வதே முதல் வேலை. வீட்டிலே மிக மெதுவான தொடர்பு யாருடைய அறையில் உள்ளது என்பதை அத்தாள் காட்டிவிடும். பெரும்பாலும் அது முதியவரின் அறையாகவோ படிக்கும் பிள்ளையின் மூலையாகவோ இருக்கும். பெட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது அந்த அறையிலிருந்து தொடங்குதல் நன்று.

அடுத்த ஞாயிறு மாலை, பின்னறைத் தாயார் மகனோடு முக்கால் மணிநேரம் பேசினார். மாமரம் இம்முறை காய்த்ததையும், கிணற்றுநீர் வற்றியதையும், அயலிலே நடந்த கலியாணத்தையும் சொல்லி முடித்தார். "கேட்குதோ" என்று ஒருமுறைதானும் அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை.